லண்டன்காரியைத் திருப்பி வைத்தவன்

ஜேபெஸ் கிட்டோவுக்குக் காலில் சக்கரம் என்று லங்காரோ என்ற சிற்றூரில் எல்லோரும் சொல்வார்கள். தேவாலயத்தில் பிரசங்கம் பாதி நடக்கும்போதே அவன் முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். பெஞ்சே குலுங்கும். பிளிமத் போகும் வண்டி நிலையத்தில் வந்து நின்றால் போதும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என்ஜின் ஷெட் வாசலுக்கு வந்து, அது கிளம்பி வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். இப்படிப்பட்ட மனிதனுக்கு வாய்த்த வேலை, காலி வண்டிகளோடு ஏழு மைல் மேட்டில் ஏறி, வெள்ளைக் களிமண்ணை நிரப்பிக்கொண்டு அதே ஏழு மைல் கீழே வருவது. அதைத்தான் பதினேழு வருஷமாக, என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்து செய்துகொண்டிருந்தான்.

அவன் கரி போட்ட என்ஜின்கள் மூன்று. மூன்றும் குட்டையானவை. தண்ணீரைத் தனியாக இழுத்துப் போகாமல் தங்கள் வயிற்றுக்கடியிலேயே தொட்டி வைத்துச் சுமப்பவை. ஊரில் அவற்றுக்கு 'லண்டன்காரிகள்' என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் பொய்யில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டன் புறநகரில் குமாஸ்தாக்களை அலுவலகத்துக்கு ஏற்றிப்போகச் செய்த ரகம் அது. அந்த ரகத்தில் எண்பதுக்குமேல் செய்தார்கள். பித்தளை மின்ன, பச்சைச் சாயம் பளபளக்க, நாளுக்கு நூறு தடவை நின்று நின்று ஓடின. பிறகு லண்டன் பெருத்தது, வண்டிகள் நீண்டன, பெரிய என்ஜின்கள் வந்தன. குட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் காய்லாங்கடைக்குப் போட்டார்கள்.

மூன்று மட்டும் தப்பின. யாருக்கும் இரக்கம் பிறந்து தப்பவில்லை. களிமண் பாதையில் கோயில்காட்டு வளைவு என்று ஒன்று உண்டு. பாறையைக் குடைந்து, பணம் மிச்சம் பிடித்துப் போட்ட வளைவு. அதில் இந்தக் குட்டைகள்தான் நெளிந்து போகும். தலைமை அலுவலகம் இரண்டு முறை புது என்ஜின் அனுப்பிப் பார்த்தது. ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்கிப் புதரில் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று வளைவில் அலறிய அலறலில் பண்ணைக்காரன் ஒருவன் தன் பசு நாள் நிறையாமலே கன்றை ஈன்றுவிட்டதாக வழக்குப் போட்டான். அதன்பிறகு அலுவலகம் வாயை மூடிக்கொண்டது. லண்டன்காரிகளுக்குப் புது பாய்லர் போட்டார்கள், புதுச் சக்கரம் போட்டார்கள், புதுக் கூரையும் போட்டார்கள். லண்டனைப் பார்த்த பாகம் அவற்றில் இன்னும் என்ன மிச்சமிருந்தது என்று தெரியாது. ஆனாலும் ஜேபெஸுக்கு அவற்றின்மேல் பொறாமை இருந்தது. இரும்பே லண்டனைப் பார்த்திருக்கிறது, தான் பிளிமத்தைத் தாண்டியதில்லை என்று அவன் வாய்விட்டே சொல்லுவான்.

போக முயலாமலும் இல்லை. பெரிய ஷெட்டில் இடம் காலி என்று பலகையில் ஒட்டும்போதெல்லாம் விண்ணப்பம் போட்டுவிடுவான். முதல்முறை இடம் கிடைத்தபோது அவன் அம்மா படுத்துவிட்டாள். அடுத்தமுறை பணிமூப்பில் அவனுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவன் ஒருவன் எங்கிருந்தோ முளைத்தான். இரண்டு தடவையும் அவன் மனைவி தெர்சா பீங்கான்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, பிறகு அவற்றை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு, அடுக்கவும் கலைக்கவும் நேரம் ஆகவில்லை. தெர்சா அதிகம் பேசுகிறவள் இல்லை. ஊரார் துணிகளுக்கு இஸ்திரி போட்டபடி அவன் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் புலம்பி முடித்துத் தூங்கிவிடுவான். அவள் என்ன செய்தாள் என்று அவன் கவனித்ததில்லை.

முப்பத்தாறாம் வருஷம் வசந்தத்தில் பிளிமத் ஷெட்டில் டிரைவர் இடம் ஒன்று காலியானது. இம்முறை மூப்பு வரிசையில் ஜேபெஸ்தான் முதலில் இருந்தான். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அவன் ஓட்டுவதைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தெர்சா மூன்றாம் முறையாக வைக்கோல் வாங்கினாள். இந்தத் தடவை பெட்டியைக் கலைக்கிற வேலை தன்னால் ஆகாது என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஜேபெஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து லண்டன்காரிகளில் ஒருத்தி பிளிமத்தில் பழுது பார்த்து முடிந்து, திரும்பி வரத் தயாராக நின்றாள். ஜேபெஸோடு வழக்கமாக ஓட்டும் டிரைவர் ஈனோக் வார்கோவுக்கு நெஞ்சுச் சளி. ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த மனிதர் அவர். அதனால் பிளிமத்திலிருந்தே ஒரு மாற்று டிரைவர் ஓட்டிவர, ஜேபெஸ் மட்டும் கரி போடப் போனான்.

இங்கே களிமண் பாதையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லண்டன்காரிகளின் புகைபோக்கி எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். லங்காரோவில் என்ஜினைத் திருப்புகிற சுழல்மேடை கிடையாது, அதனால் வந்த திசையிலேயே காலம் முழுக்க நிற்கும். அதில் காரணமும் உண்டு. ஏற்றத்தில் பாய்லர் சாயும்போது தண்ணீர் பின்பக்கம் ஓடி, நெருப்புப் பெட்டியின் தலைக்குமேல் நிற்கும். கீழிருந்து கிளம்பும்போது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதி தெரிந்தால் போதும், மேலே போகப் போக அது முக்காலாகிவிடும். 'பாதி போதும்' என்பது அந்தப் பாதையின் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. புகைபோக்கி கடலைப் பார்த்து நின்றால் எல்லாம் தலைகீழ். ஏற்றத்தில் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், நெருப்புப் பெட்டியின் தலை காயும். அந்தத் தலையில் ஓர் ஈயத் திருகு இருக்கிறது. காய்ந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து அணைத்துவிடும். பாய்லர் வெடிக்காமல் காப்பது அதுதான். ஆனால் ஈயத்தை உருக்கினவன் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால், ரயில்காரன் குடிக்கப் போகிற இடத்தில்கூட ஆட்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

பிளிமத் ஷெட் மேஸ்திரி, லண்டன்காரி மேட்டைப் பார்த்தே நிற்கிறாள், அப்படியே எடுத்துப் போகலாம் என்றார். ஜேபெஸ் தலையாட்டிவிட்டுப் படியில் கால் வைத்தான். பதினேழு வருஷமாகக் கடலை நோக்கி இறங்கும்போதெல்லாம் பின்பக்கமாகவே இறங்கியிருக்கிறான். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, கரித்தூசி கண்ணில் விழ. ஒரு தடவையாவது பெரிய பாதைக்காரர்களைப் போல, புகைபோக்கி முன்னால் போக, முகத்துக்கு நேரே கடல் வர இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தப் படியில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டது.

"திருப்பி விட்டுருங்க," என்றான்.

மேஸ்திரிக்கு அவர் வேலை தலைக்குமேல் கிடந்தது. மாற்று டிரைவருக்கோ சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தால் சரி. சுழல்மேடையில் வைத்துத் தள்ளினார்கள், லண்டன்காரி திரும்பினாள்.

ஈனோக் இருமிக்கொண்டே லங்காரோ ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, இது என்ன கூத்து என்று கேட்டார். பிளிமத்தில் சுழல்மேடை சிக்கிக்கொண்டது, திருப்ப முடியவில்லை என்று ஜேபெஸ் சொன்னான். பொய் அவ்வளவு சரளமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

"நூறு என்ஜின் வெச்சிருக்கானுங்க, ஒண்ணைத் திருப்பத் துப்பில்ல," என்று ஈனோக் காறித் துப்பினார். "சரி மகனே, அடுத்த பழுதுக்குப் போறவரைக்கும் இவளோட இப்படியே மாரடிக்க வேண்டியதுதான். கிளம்பும்போது தண்ணி கண்ணாடி நெறைய நிக்கணும். பாதி கீதின்னு இருந்துடாத."

ஜேபெஸ் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணாடி முட்ட நிரப்பினான். இறங்கும்போது புகைபோக்கிக்கு அப்பால் முதலில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்து, கோயில்காட்டைத் தாண்டியதும் அகலமாக விரிந்த கடலைப் பார்த்துச் சிரித்தான். மதியச் சாப்பாட்டுக்கென்று சூடான இரும்புத் தட்டில் வைத்த இறைச்சிப் பேஸ்ட்டியைக்கூட மறந்து கருகவிட்டான். ஈனோக் அவனை விசித்திரமாகப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு கடல் பழைய கடலாகிவிட்டது. ஜேபெஸின் முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் டிரெம்லெட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மெலிந்த மனிதர், பேச்சும் குறைவு. மற்ற இரண்டு லண்டன்காரிகளில் ஒருத்தி துறையில் கப்பலுக்குக் களிமண் தள்ளிக்கொண்டிருந்தாள், இன்னொருத்திக்குப் பாய்லர் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆகவே திருப்பி வைத்தவளே வந்து நின்றாள். டிரெம்லெட் அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஏன் இப்படி நிற்கிறாள் என்று கேட்டார். பிளிமத்தில் திருப்பவில்லை என்று ஈனோக் நம்பிக்கையோடு பதில் சொன்னார். ஜேபெஸ் எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு டிரைவர் ஜேபெஸ். கரி போட வேறு ஆள் இல்லாததால் ஈனோக்கே கரண்டியை எடுத்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட வேலை, ஆனால் கை மறக்கவில்லை என்று பெருமையடித்துக்கொண்டார். கை மறக்காததுதான் வினையாகப் போயிற்று. இத்தனை வாரமும் தண்ணீரைக் கவனித்தவன் ஜேபெஸ், ஈனோக் அதை அவனிடமே விட்டிருந்தார். இப்போது இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால் நிற்க, அவர் கை பழைய காலத்துக் கணக்குக்குப் போனது. கண்ணாடியில் பாதி தெரிந்ததும் பாய்லருக்குத் தண்ணீர் விடும் குழாயை மூடினார். ஜேபெஸும் பார்த்தான், பாதி இருந்தது. பதினேழு வருஷமாகப் பாதியைப் பார்த்துத் திருப்திப்பட்ட கண். அவன் நினைப்பெல்லாம் நீராவிக் கைப்பிடியிலும் பிளிமத்திலும் இருந்தது. விசில் ஊதினான், காலி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டன.

முதல் மூன்று மைல் நன்றாகத்தான் போனது. நிறுத்த வேண்டிய இடத்தில் முட்டாமல் மோதாமல் நிறுத்தினான், எடுக்க வேண்டிய இடத்தில் குலுக்காமல் எடுத்தான். டிரெம்லெட் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார். இந்நேரம் தெர்சா கடைசிப் பெட்டிக்கு ஆணி அடித்திருப்பாள் என்று ஜேபெஸ் நினைத்துக்கொண்டான். கோயில்காட்டு ஏற்றத்தில் என்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் தண்ணீரே இல்லை.

ஒரு நொடி கண்ணாடிதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தான். மறுநொடி எல்லாம் புரிந்தது. கைப்பிடியை மூடி, பிரேக்கைப் போட்டு, "தண்ணி, தண்ணி" என்று கத்தினான். ஈனோக் குழாயைத் திறந்தார். அதற்குள் நெருப்புப் பெட்டிக்குள் ஏதோ கிழிந்தது மாதிரி ஒரு சத்தம். கதவு இடுக்கிலிருந்து வெள்ளையாக நீராவி பீறிட்டது. மூன்று பேரும் இறங்கி மேட்டுச் சரிவில் ஏறி நின்றார்கள். யாருக்கும் காயமில்லை. லண்டன்காரி நெடுநேரம் இரைந்தாள். பிறகு இரைச்சல் குறைந்து, சாம்பல் தண்ணீர் கீழே சொட்டத் தொடங்கியது.

ஜேபெஸ் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். வண்டிகளின் பிரேக்கை ஒவ்வொன்றாக அழுத்திக் கட்டினான், இன்னொரு லண்டன்காரியை அனுப்பச் சொல்லிக் கடைசி வண்டியில் இருந்த கார்டைக் கீழே நடக்க விட்டான். திரும்பி வந்தபோது ஈனோக் கல்லில் உட்கார்ந்து தொப்பியை முழங்கால்மேல் வைத்திருந்தார். நாற்பது வருஷத்தில் ஒரு ஈயம் உருகியதில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த முகத்தை ஜேபெஸால் பார்க்க முடியவில்லை. அவன் வண்டிகளை ஒட்டி மேலும் கீழுமாக நடந்தான்.

டிரெம்லெட் என்ஜினை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, பாதையின் வழக்கம் தெரிந்தும் என்ஜினை இப்படி அனுப்பியவன்தான் முதல் குற்றவாளி என்றார். இவர்கள் கை இந்தப் பாதைக்குப் பழகிய கை, அது தடுமாறியதை அவர் பெரிதாக எழுதப் போவதில்லை. வண்டியை நிறுத்தியதும் காத்ததும் சரியாக இருந்தன. பிளிமத் இடத்துக்கு ஜேபெஸைச் சரி என்று சொல்லவே நினைக்கிறார். பிளிமத் ஷெட்டில் மட்டும் விசாரிப்பார்.

"அந்த மேஸ்திரி வேலையில இருக்கமாட்டான்," என்று சாதாரணமாகச் சொல்லி முடித்தார்.

சரிவில் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஈனோக் தலை நிமிர்ந்து, பரவாயில்லை என்பதுபோல ஜேபெஸைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவனுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் ஜேபெஸைத் தாங்கவிடாமல் செய்தது. பேசாமல் இருந்தால் பிளிமத். வாயைத் திறந்தால் இந்த மேடு. அவன் நடந்துகொண்டே இருந்தான். ஒரு வண்டியின் கடைசிவரை போய்த் திரும்பி வந்து நின்றான்.

"மேஸ்திரி மேல தப்பில்ல, சார். அவர் சரியாத்தான் வெச்சிருந்தார். நான்தான் திருப்பச் சொன்னேன்."

"எதுக்கு?" என்று கேட்டவர் டிரெம்லெட் இல்லை, ஈனோக்.

"ஒரு தடவை கடலைப் பாத்தபடி முன்பக்கமா இறங்கணும்னு தோணிச்சு."

ஈனோக் தொப்பியின் தூசியைத் தட்டினார். "கடலுக்கு ரோடு இருக்குதே, மகனே. நடந்து போயிருக்கலாமே," என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து, கார்டு போன வழியிலேயே இறங்கி நடந்தார். அன்று மட்டுமில்லை, வேலை விஷயம் தவிர வேறு எதையும் அதன்பிறகு அவர் அவனிடம் பேசவில்லை.

பிளிமத் இடம் வேறொருவனுக்குப் போயிற்று. மூன்று வருஷத்துக்கு விண்ணப்பமே போடக்கூடாது என்று உத்தரவும் வந்தது.

தெர்சாவிடம் அவன் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை அடுப்பின்மேல் வைத்துவிட்டுக் கேட்டாள். மேஸ்திரியைக் காப்பாற்றியது நல்ல காரியம், வேறு மாதிரி செய்திருந்தால் உன் முகத்தில் முழித்திருக்கமாட்டேன் என்றாள். அவனுக்கு நெஞ்சு லேசானது. பெட்டிகளைக் கலைக்கத் தானும் கைகொடுப்பதாகச் சொல்லி ஆணி பிடுங்கும் குறடைத் தேடினான்.

"அதைத் தேடாத. நான் போறேன்," என்றாள் தெர்சா.

பிளிமத்தில் அவள் அக்கா ஹெப்சிபா மாலுமிகளுக்குத் தங்கும் விடுதி நடத்துகிறாள். துணி வெளுக்க ஆள் இல்லாமல் தவிக்கிறாள். இருவருக்கும் ஓர் அறை தருவாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் கப்பலுக்குக் கரி ஏற்றவும் தினமும் ஆள் எடுக்கிறார்கள். போவதற்கு எந்த இன்ஸ்பெக்டரும் தலையாட்ட வேண்டியதில்லை. இதையெல்லாம் அவள் எப்போதோ யோசித்து முடித்திருக்கிறாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஜேபெஸ் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"நீ இந்த ஊரைவிட்டுப் போகணும்னு சொன்னதே இல்லையே."

"நீதான் தினமும் சொன்னியே, ஜேபெஸ். பதினேழு வருஷம். நீ சொல்லித் தீத்துட்டுத் தூங்கிருவ. நான் கேட்டுட்டு முழிச்சிட்டு இருப்பேன். உனக்கு அடங்கிரும். எனக்கு அடங்கல."

இத்தனை வருஷ மூப்பை விட்டுவிட்டு மூட்டை தூக்குவதா, என்ஜின் இல்லாமல் தான் என்ன மனிதன் என்று அவன் கேட்டான். மூட்டை தூக்குகிற மனிதன் என்றாள் அவள். திட்டவில்லை, சும்மா பதில் சொன்னாள். அவன் வாதாடிப் பார்த்தான், மூன்று வருஷம் ஓடிவிடும் என்றான், ஈனோக் ஓய்வுபெற்றால் இங்கேயே டிரைவர் ஆகலாம் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. போகவிடாமல் யாரோ தடுத்துக்கொண்டிருந்தவரை அவனுக்குப் போக ஆசை இருந்தது. இப்போது கதவு திறந்து கிடந்தது, அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் வற்புறுத்தவில்லை. அவன் துணிகளைத் தனியாக மடித்து அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வண்டிக்கு அவள் கிளம்பினாள். ஜேபெஸ் லண்டன்காரிக்கு நெருப்பு மூட்டிவிட்டு, கரி படிந்த கையோடு நிலையத்துக்கு வந்தான். பெட்டிகளைச் சாமான் வண்டியில் அவனே ஏற்றினான். பிறகு அவளை ஏற்றிவிட்டு ஜன்னலடியில் நின்றான். உள்ளே அவளுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். கார்டு கொடியை எடுத்தார். ஜேபெஸின் கால்கள் நடைமேடையில் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆனால் படியில் ஏறவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றான், வண்டி நகரும்போது.

தெர்சா ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஞாயித்துக்கிழமை இங்க வண்டி கிடையாது, ஜேபெஸ்," என்றாள். "ரயில்காரன், உனக்குத் தெரியாதா?"